தொண்ணூறாம் அடி

கோப்பாயில் எங்கள் ஒழுங்கையில் யாரிடம் கேட்டாலும், சிவகரன் பயம் தெரியாத மனிதர் என்றுதான் சொல்வார்கள். நான் சொல்ல மாட்டேன். ஐம்பத்தொரு வயது, ஆறடி உயரம், குழாய்க் கிணறு துளைக்கிற மெசினோடு முப்பது வருடம் மல்லுக்கட்டிய கை. அந்தக் கை நடுங்க நடுங்க எங்கள் குசினி வாசலில் நின்று ஒரு போத்தல் தண்ணீரை என்னிடம் நீட்டியதைப் பார்த்தவள் நான். பயந்தவர்களை எனக்குப் பிடிக்காது. உடுவிலில் இருபத்தெட்டு வருடம் பெண்பிள்ளைகளுக்கு இரசாயனம் படிப்பித்தேன். அமிலப் போத்தலைக் கண்டு பின்வாங்குகிற பிள்ளையைக் கையில் பிடித்து மேசைக்கு முன்னால் கொண்டுவந்து நிறுத்துவேன். சிவகரனையும் அப்படித்தான் செய்தேன், வாய்க்கு வந்தபடி ஏசினேன். அதற்கான பலனும் எனக்குக் கிடைத்தது. அதை ஒளிக்காமல் எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

சிவகரனின் தகப்பன் வெடி வைத்துக் கிணறு வெட்டியவர். சண்டைக் காலத்தில் வெடிமருந்து வைத்திருந்தாலே ஆளைக் கொண்டுபோய்விடுவார்கள் என்ற நிலை வந்ததும் அந்தத் தொழில் நின்றது. தொண்ணூற்றைந்து இடப்பெயர்வில் சிவகரன் தென்மராட்சிக்கும், அங்கிருந்து வன்னிக்கும் போனார். வன்னியில் ஒரு தொண்டு நிறுவனத்தின் துளை மெசினில் கூலிக்கு நின்று வேலை பழகினார். அங்கேயே உதயகலாவைக் கலியாணம் செய்தார். இரண்டாயிரத்து ஒன்பதில், கடைசி மாதங்களில், ஊருக்கெல்லாம் நல்ல தண்ணீர் எடுத்துக் கொடுத்த அதே ஆள் கடற்கரை மணலில் வெறும் கையால் கிடங்கு தோண்டி, ஊறிய உவர் தண்ணீரைச் சேலைத் துணியில் வடித்துக் குடித்தார். பிள்ளைக்கும் கொடுத்தார். ஒன்றரை வயது மகள் அங்கே வயிற்றோட்டத்தில் போய்விட்டாள். இதை அவர் என்னிடம் சொன்னதில்லை. உதயகலா ஒரே ஒரு தடவை, மரக்கறி வெட்டிக்கொண்டிருந்தபோது, தலையை நிமிர்த்தாமல் சொன்னாள்.

ஊர் திரும்பியதும் பழைய மெசின் ஒன்றை வாங்கித் திருத்தி எடுத்தார். கோப்பாயில் இருந்து திருநெல்வேலி வரைக்கும் அவர் துளைக்காத வளவு குறைவு. வாய் ஓயாத மனிதர். என்னைக் கண்டால், "ரீச்சர், நீங்கள் புத்தகத்திலை படிச்ச தண்ணியை நான் நேரிலை கண்டனான்" என்று சீண்டுவார். ஆனால் ஒரு நேரத்தில் மட்டும் அவருடைய வாய் அடைத்துக்கொள்ளும். எங்கள் நிலத்துக்குக் கீழே சுண்ணாம்புக் கல். அதற்குள் குகைகள், வெடிப்புகள், ஒன்றோடொன்று தொடுத்தபடி. துளைத்துக்கொண்டு போகும்போது அப்படி ஒரு குகையில் பட்டால் இரும்பு றொட் சட்டென்று ஒரு முழம் தானாக விழும். தண்ணீர்த் துளைக்காரருக்கு அதைவிட அதிர்ஷ்டம் இல்லை, அந்தக் குகையில் வற்றாத ஊற்று இருக்கும். றொட் விழுந்தால் அவர்கள் மெசினை நிற்பாட்டி ஒரு கட்டிக் கற்பூரம் கொளுத்துவார்கள். வீட்டுக்காரர் முதல் செம்புத் தண்ணீரைக் குடிக்கும்வரை விழுந்தது என்று ஒருவருக்கும் சொல்ல மாட்டார்கள். சொன்னால் நாவூறு பட்டு ஊற்று விலகிப் போகுமாம். நான் சிரித்திருக்கிறேன். சிவகரன் சிரித்ததில்லை.

போன வருடம் ஆனி மாதம் லவீனா வந்தாள். முப்பது வயது மட்டில், நிலத்தியல் படித்த பிள்ளை, வெளிநாட்டு உதவியோடு நடக்கிற ஒரு ஆய்வுக்குப் பொறுப்பாக வந்திருந்தாள். சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து விளங்கப்படுத்தினாள்.

"பூமிக்குள்ளை இறங்க இறங்கச் சூடு. சில நாடுகளிலை அந்தச் சூட்டாலை நீராவி எடுத்துக் கரண்ட் உண்டாக்கினம். எண்ணெய் எரிக்கத் தேவையில்லை, புகை இல்லை. எங்கடை நாட்டிலை எங்கை எவ்வளவு சூடு கிடக்கெண்டு சரியா அளந்து பாக்கேல்லை. இஞ்சை ரெண்டாயிரம் அடிக்கு ஒரு துளை போட்டு, வெப்பமானியை இறக்கிப் பாக்கப் போறம். அவ்வளவுதான்."

வெங்காயத் தோட்டக்காரர் சோமசேகரம் எழும்பினார். அவர் எழும்பினால் கூட்டம் அமைதியாகிவிடும். "பிள்ளை, எங்களுக்கு ஆறு இல்லை, குளம் இல்லை. மழைத் தண்ணி கல்லுக்குள்ளை இறங்கி, உப்புத் தண்ணிக்கு மேலை மிதக்குது. அந்த மேல் தண்ணியிலைதான் எங்கடை சீவியம். நீங்கள் சூட்டைத் தேடிப்போய் உப்பை மேலை கொண்டுவந்தால் நாங்கள் எங்கை போறது?"

லவீனா படம் கீறிக் காட்டினாள். முதல் முந்நூறு அடிக்கு இரும்புக் குழாய் இறக்கப்படும். குழாய்க்கும் கல்லுக்கும் இடையில் உள்ள இடைவெளி முழுவதும் சீமெந்தால் நிரப்பப்படும். அந்தச் சீமெந்து இருக்கும்வரை கீழே உள்ளது மேலே வராது. படம் நன்றாகத்தான் இருந்தது, ஆனால் ஒருவரும் தலையாட்டவில்லை. அப்போது பின்வரிசையில் இருந்து சிவகரன் எழும்பினார்.

"அண்ணை, துளைக்கப் போற மெசின் என்ரை. கை என்ரை. ஒரு சொட்டு உப்பு மேலை வந்தால் என்னைக் கேளுங்கோ."

அந்த ஒரு சொல்லுக்காகத்தான் ஊர் சம்மதித்தது. லவீனாவின் படத்துக்காக அல்ல.

ஆவணியில் வேலை தொடங்கியது. எங்கள் வீட்டில் இருந்து முந்நூறு யார் தூரத்தில், பனங்காணி ஒன்றில். மூன்றாம் நாள், தொண்ணூறாம் அடியில், றொட் விழுந்தது. ஒரு முழம் அல்ல, நாலு முழம்.

சிவகரன் மெசினை நிற்பாட்டினார். கற்பூரம் கொளுத்தினார். ஒன்றும் சொல்லவில்லை.

இதில் கள்ளம் ஒன்றும் இல்லை என்று நான் சத்தியம் செய்வேன். முப்பது வருடம் பழகிய கை தானாகக் கற்பூரத்தைத் தேடியது, முப்பது வருடம் பழகிய வாய் தானாக மூடிக்கொண்டது. இது தண்ணீருக்கான துளை அல்ல, இங்கே குகை என்பது அதிர்ஷ்டம் அல்ல ஆபத்து என்று அந்த நேரத்தில் அவருக்கு உறைக்கவில்லை. முதல் செம்பு குடிக்க அங்கே வீட்டுக்காரரும் இல்லை. அதனால் வாய் திறக்க வேண்டிய நேரம் வரவேயில்லை.

அடுத்த பிழையும் தொழிற் பழக்கம்தான். குழாய் இறக்கியாயிற்று. சீமெந்தைக் கீழிருந்து மேலே ஏற்ற வேண்டும் என்று லவீனா சொல்லியிருந்தாள். அதற்கான பம்பி பழுதாகிவிட்டது, அவளோ இரண்டு நாள் கொழும்பில். தண்ணீர்க் கிணறுகளுக்குச் சீமெந்தை மேலிருந்துதான் ஊற்றுவார்கள். அவரும் மேலிருந்து ஊற்றினார். ஊற்ற ஊற்ற அது போய்க்கொண்டே இருந்தது. மிச்சத்துக்குச் சல்லியும் மணலும் போட்டார். கடைசியில் மேலே நிரம்பித் தெரிந்தது. வேலைக் கொப்பியில் 'சீமெந்து நிரம்பியது' என்று எழுதிக் கையெழுத்து வைத்தார். நிரம்பியது மேற்பக்கம் மட்டும். மற்றதெல்லாம் தொண்ணூறாம் அடிக் குகைக்குள் போய்விட, அதற்குக் கீழே குழாயைச் சுற்றி வெறும் இடைவெளிதான் கிடந்தது.

கார்த்திகையில் இரண்டாயிரம் அடியை எட்டினார்கள். கீழே இருந்த தண்ணீர் தன் அழுத்தத்தால் தானாகவே எழும்பி வந்து குழாய் வாயால் வழிந்தது. நாற்பத்தேழு பாகை. கரண்டுக்கு அது போதாது, ஆனால் எதிர்பார்த்ததைவிடக் கூட என்று லவீனா துள்ளினாள். இந்தக் கணக்கை வைத்து நாட்டின் வேறு இடங்களில் எங்கே தோண்டலாம் என்று சொல்ல முடியுமாம். படம் எடுத்தார்கள், பற்றிஸ் சாப்பிட்டார்கள். சிவகரன் குழாய் வாயில் கையை நனைத்து நாக்கில் வைத்துப் பார்த்தார்.

உப்பு. சுடச்சுட, கடலைப் போல உப்பு. அதுவும் ஒருவரும் இறைக்காமல் தானாகவே மேலே ஏறி வருகிற உப்பு.

அப்போதுதான் தொண்ணூறாம் அடி அவருக்கு ஞாபகம் வந்தது. குழாய்க்குள்ளால் ஏறுகிற தண்ணீர் குழாய்க்கு வெளியாலும் ஏறும். ஏறினால் குகைக்குள் போகும். குகையில் இருந்து எங்கே போகும்? வாயில் இருந்த பற்றிஸைத் துப்பிவிட்டதாகப் பின்னர் என்னிடம் சொன்னார். குழாய் வாயை மூடிப் பூட்டியாயிற்று, ஆனால் வெளியால் போவதை எந்தப் பூட்டாலும் நிற்பாட்ட முடியாது.

அதற்குப் பிறகுதான் அந்தப் போத்தல்.

"ரீச்சர், உங்களிட்டை உப்பு அளக்கிற சாமான் ஒண்டு இருக்கெல்லே? இதை ஒருக்கால் பாருங்கோ. சும்மாதான்."

என்னிடம் தண்ணீரின் உப்பை அளக்கிற சின்னக் கருவி இருக்கிறது, பேனை அளவு. எங்கள் பக்கத்து நல்ல தண்ணீருக்கு அதில் எழுநூறு, எண்ணூறு என்று எண் வரும். ஆயிரத்தைந்நூறு என்றால் தேத்தண்ணீரின் ருசி கெடும். மூவாயிரம் என்றால் வெங்காயப் பயிர் நுனி கருகும். அவர் கொண்டுவந்தது அவருடைய வீட்டுக் கிணற்றுத் தண்ணீர். எண்ணூற்றிருபது. நல்ல தண்ணீர்தான் என்றேன். "வடிவாப் பாத்தனீங்களோ?" என்று இரண்டு தரம் கேட்டார். போத்தலைத் திருப்பி வாங்கி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

மூன்றாம் நாள் ஐந்து போத்தல்களோடு வந்தார். ஐந்து பேருடைய கிணறுகள், ஒவ்வொன்றிலும் பெயர் ஒட்டியிருந்தது. மார்கழி முழுவதும் இப்படியே வந்தார். காலையில் கிணற்றடியில் நின்று முதல் வாளிக்குள் கையை விட்டுப் பார்ப்பாராம், சுடுகிறதோ என்று. மார்கழி விடியலில் எங்கள் கிணற்றுத் தண்ணீர் எப்போதும் இளஞ்சூடாகத்தான் இருக்கும், வெளியில் குளிர் என்பதால். சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த விசயம். அந்த மனிதருக்கு ஒவ்வொரு விடியலும் அந்த இளஞ்சூட்டில் நெஞ்சு திக்கென்று நின்றது. இது வழமையான சூடோ, நரகத்தில் இருந்து வருகிற சூடோ என்று எப்படிப் பிரித்தறிவது? உதயகலா என்னிடம் வந்து, "ரீச்சர், இவர் சாப்பிடுறேல்லை. சோத்தைப் பிசைஞ்சு போட்டு அப்பிடியே இருக்கிறார். வருத்தம் ஏதும் ஒளிக்கிறாரோ தெரியேல்லை" என்று அழுதாள்.

மாரி மழைக்குப் பிறகு கிணற்றில் உப்புக் குறைய வேண்டும். அதுதான் முறை. மார்கழிக் கடைசியில் ஐந்தில் மூன்று போத்தல்களின் எண் ஏறியிருந்தது. தொள்ளாயிரத்தெண்பது. ஆயிரத்துப் பத்து. சோமசேகரத்தின் தோட்டக் கிணறு ஆயிரத்து நூற்றைம்பது.

நான் கருவியைத் துடைத்து மேசையில் வைத்தேன். எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"சிவகரன், நீர் என்ன செய்து வைச்சிருக்கிறீர்? இப்ப சொல்லும்."

சொன்னார். குசினி வாசற்படியில் இருந்து, கற்பூரத்தில் தொடங்கி, எல்லாவற்றையும் சொன்னார்.

"ஏன் அண்டைக்கே அந்தப் பிள்ளையிட்டைச் சொல்லேல்லை?"

"முதல் நாள் பழக்கத்திலை சொல்லேல்லை ரீச்சர். பேந்து, வெக்கத்திலை சொல்லேல்லை. உப்பை நாக்கிலை வைச்ச நாளிலை இருந்து பயத்திலை சொல்லேல்லை. இப்ப சொன்னால் ஏன் இவ்வளவு நாளும் சொல்லேல்லை எண்டு கேப்பினம். ஒவ்வொரு நாளும் சொல்லுறது முதல் நாளைவிடக் கஷ்டமாக் கிடக்கு."

"உமக்கு வெக்கம், ஊருக்குத் தண்ணி. எது பெரிசு? பயந்தாங்கொள்ளி எண்டு நான் உம்மை நினைக்கேல்லை. ஒரு சொல்லு. வாயைத் திறந்து ஒரு சொல்லுச் சொல்ல இவ்வளவு நாளோ?"

அவர் தலையைக் குனிந்தபடியே, "அந்த உவர்த் தண்ணியை ஒருக்கால் பிள்ளைக்குக் கையாலை பருக்கினனான் ரீச்சர். இப்ப ஊருக்கே பருக்கிறன்" என்றார். அந்த இடத்திலாவது நான் நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. நாளைக்குப் பத்து மணிக்குள் நீர் சொல்லாவிட்டால் நான் சொல்லுவேன் என்று கெடு வைத்து அனுப்பினேன். சொல்லுகிற சொல் வேறொருவருடையது என்றால் வீரம் இலேசாக வரும்.

ஒன்பது மணிக்கே போய்ச் சொல்லிவிட்டார். லவீனா வேலைக் கொப்பியை எடுத்து அவருடைய கையெழுத்தைப் பார்த்தாளாம். பிறகு, "அண்ணை, நீங்கள் ஊத்தேக்கை நான் இஞ்சை நிண்டிருக்க வேணும். பிழை என்னிலையும்தான்" என்று சொல்லிவிட்டுக் கருவிகளை இறக்கினாள். தொண்ணூறாம் அடியில் குழாய்க்கு வெளியே தண்ணீர் ஓடுகிற சத்தம் கருவியில் கேட்டது. சிவகரனையும் கேட்கச் சொல்லிக் காதில் மாட்டிவிட்டாளாம். அவர் கேட்டுவிட்டு, அந்த இடத்திலேயே குந்திவிட்டார்.

மறுநாள் சனசமூக நிலையத்தில் கூட்டம். முன்னர் நின்று உறுதி சொன்ன அதே ஆள், இந்த முறை முன்வரிசைக்கு வந்து, கைகளைக் கட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னார். ஒருவரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். சோமசேகரம் மட்டும், "உன்ரை கையைத்தானே நம்பினனாங்கள் தம்பி" என்றார். சபை முழுக்கப் பயம் பரவியது. பெண்கள் எழும்பி, தங்கள் வீட்டுத் தண்ணீர் சில நாளாக ஒரு மாதிரி இருந்தது என்று சொல்லத் தொடங்கினார்கள். உண்மையோ, பயத்தில் வந்த நினைப்போ, ஒருவருக்கும் தெரியாது.

லவீனா செய்ய வேண்டியதைச் சொன்னாள். குழாயைத் தொண்ணூறாம் அடியில் துளைத்து, அந்த வழியால் குகைக்குள் சல்லியும் சீமெந்தும் தள்ளி அடைக்க வேண்டும். எவ்வளவு தள்ளுவது என்பதுதான் கேள்வி. முதலில் குகைக்குள் பச்சைச் சாயம் ஒன்று விடுவாள், குடித்தாலும் ஒன்றும் செய்யாத சாயம். ஒரு கிணற்றிலும் நிறம் வராவிட்டால் குகை சின்னது, சின்ன அடைப்புப் போதும். எந்தக் கிணற்றிலாவது வந்தால் குகை அதுவரை போகிறது என்று அர்த்தம். அப்போது முழுக் குகையையும் அடைத்தால்தான் உப்பு நிற்கும். ஆனால் அந்தக் கிணற்றின் ஊற்றும் அதோடு போய்விடும். பிறகு அது கிணறு அல்ல, வெறும் கிடங்கு.

"ஆரின்ரை கிணறு எண்டு தெரியாது. எல்லாரும் அவையவையின்ரை கிணத்தைப் பாத்து எனக்கு உண்மையைச் சொல்ல வேணும். நிறத்தை ஆரும் மறைச்சால் நான் சின்ன அடைப்புப் போட்டிட்டுப் போயிடுவன். உப்பு நிக்காது."

முடிவை இங்கேயே சொல்லிவிடுகிறேன். குகை அடைபட்டது. ஊர்க் கிணறுகளின் எண் நாலு மாதத்தில் பழைய நிலைக்கு வந்தது. சோமசேகரம் இந்த வருடமும் வெங்காயம் நட்டிருக்கிறார். சிவகரனை இன்னும் ஒருவரும் துளைக்கக் கூப்பிடவில்லை. ஆனால் கூட்டத்துக்கும் அந்த முடிவுக்கும் இடையில் ஒரு காலை இருந்தது. அதைச் சொல்லாவிட்டால் நான் எழுதியது முழுக்கப் பொய்.

சனிக்கிழமை மத்தியானம் சாயம் விட்டார்கள். அன்று பின்னேரம் வரை ஒரு கிணற்றிலும் நிறம் இல்லை. ஞாயிறு விடிய நான் கிணற்றடிக்குப் போனேன். எங்கள் கிணற்றுத் தண்ணீர்தான் ஒழுங்கையிலேயே ருசி. கிணறு இல்லாத ஆறு வீட்டார் குடிக்க அள்ளுவது இங்கேதான். அவர்களுடைய தண்ணீர்க் கான்கள் கட்டோரத்தில் வரிசையாக இருந்தன. நான் வாளியை இறக்கி, கப்பியில் இழுத்து, சீமெந்துக் கட்டின்மேல் வைத்தேன்.

பச்சை.

வெளிச்சம் பட்டு அப்படித் தெரிகிறதாக்கும் என்று ஊற்றிவிட்டு இன்னொரு தரம் அள்ளினேன். பச்சை. மூன்றாம் தரமும் அள்ளினேன்.

நான் முன்பே சொல்லாமல் விட்ட ஒன்று உண்டு. மார்கழி முழுவதும் ஊர்த் தண்ணீரை அளந்த நான் என் கிணற்றுத் தண்ணீரை அளக்கவில்லை. தேத்தண்ணீர் ஒரு மாதிரி இருந்தது, தேயிலையைக் குறை சொல்லி வேறு பக்கெற் வாங்கினேன். ஒரு நாள் கருவியின் நுனியை என் வாளிக்குள் விட்டேன். எண் ஏறத் தொடங்கியது. நிற்கும் முன்னம் வெளியே எடுத்துவிட்டேன். எண்ணைப் பார்க்காதவரை அது உண்மை இல்லை என்று இரசாயனம் படிப்பித்தவள் நம்பினாள்.

கான்காரர் வர இன்னும் அரை மணித்தியாலம் இருந்தது. மத்தியானத்துக்குள் சாயம் தெளிந்துவிடலாம். எனக்கு மட்டும் தெரிந்த விசயம். இல்லை என்று ஒரு சொல் சொன்னால் கிணறு மிஞ்சும். ஊர் என்னாகும் என்று யோசித்தேன். யோசித்தபடியே இன்னொரு வாளி அள்ளி ஊற்றினேன், நிறத்தைக் கெதியாகப் போக்கிவிட வேண்டும் என்று.

படலை திறந்தது. சிவகரன், கையில் கடுதாசியோடு. வீடு வீடாகப் போய் எழுதிக்கொண்டு வருகிறார்.

"ரீச்சர், நிறம் வந்ததோ?"

"இல்லை" என்றேன். யோசிக்கவே இல்லை, வாய் தானாகச் சொன்னது. "இஞ்சை ஒண்டும் வரேல்லை. நீர் மற்ற வீடுகளைப் பாரும்."

அவர் போகவில்லை. என்னுடைய காலடியைப் பார்த்தார். நான் ஊற்றிய நாலு வாளித் தண்ணீரும் வெள்ளைச் சீமெந்துத் தரையில், வாய்க்கால் வரைக்கும், பச்சையாகக் கிடந்தது.

ஏசுவார் என்று காத்து நின்றேன். நான் அவரை ஏசியதில் பாதியாவது எனக்கு வரவேண்டும். பத்து மணிக்குள் சொல்லும் என்று எனக்கும் கெடு வைக்கலாம். அவர் கடுதாசியை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். உடுப்புத் தோய்க்கிற கல்லில் மெல்ல இருந்தார்.

"எனக்கும் உப்பிடித்தான் இருந்தது ரீச்சர்" என்றார்.

வாளியைக் கீழே வைத்தேன். கட்டைப் பிடித்துக்கொண்டேன். அறுபத்தொரு வயதில், அந்த மனிதருக்கு முன்னால், வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். கிணற்றுக்காக அழுதேனோ, அந்த இல்லை என்ற சொல்லுக்காகவோ எனக்குத் தெரியாது.

"நீங்கள் ஆறுதலாச் சொல்லுங்கோ. நான் ஆருக்கும் ஒண்டும் சொல்ல மாட்டன். ஆனால் போகவும் மாட்டன். இதிலை இருக்கிறன்."

இருந்தார். என்னோடு அரை மணித்தியாலம் இருந்தார். கான்காரப் பெண்கள் இரண்டு பேர் படலையடிக்கு வந்துவிட்டார்கள். அவர்களுக்கு எதிரில் வைத்துத்தான் போனை எடுத்தேன். லவீனா ஹலோ என்றாள். சிவகரன் கல்லில் இருந்து எழும்பி எனக்குப் பக்கத்தில் வந்து நின்றார்.

"என்ரை கிணறுதான், பிள்ளை" என்றேன்.